சென்னியப்பனுக்கு ஒரு கைத்துப்பாக்கி

காரைக்கரட்டில் துப்பாக்கியைக் கையில் எடுத்தவர்களுக்குக் குரல் போக ஆரம்பித்தது ஒரு ஐப்பசியில், அடைமழை விட்டு ஊர் முழுக்க ஈரத்துணி வாசம் அடித்துக்கொண்டிருந்த வாரத்தில். முதலில் போனது கடைவீதி பாங்கின் காவலாளி தங்கராசுவுக்கு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அவர் தினமும் காலையில் மூலையிலிருந்து இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மேனேஜருக்கு வணக்கம் சொல்வது வழக்கம். அன்றைக்கு வாய் திறந்தது, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பயந்துபோய்த் துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டபோது, தங்கிப்போயிருந்த வணக்கம் கணீரென்று வெளியே வந்து விழுந்தது. மறுபடி எடுத்தார், குரல் போனது, வைத்தார், வந்தது. மேனேஜர் எடுத்துப் பார்த்தார், கேஷியர் எடுத்துப் பார்த்தார், பென்ஷன் வாங்க வரிசையில் நின்றிருந்த பெரியவர்களெல்லாம் ஆளுக்கொரு தடவை எடுத்துப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நோவு ஒன்றும் இல்லை. துப்பாக்கி உடம்பில் இருக்கிற வரைக்கும் குரல் இல்லை, கீழே வைத்துவிட்டால் உண்டு. அவ்வளவுதான்.

ரயில்வே கேட்டிலிருந்து ஆற்றுப்பாலம் வரைக்கும்தான் இது நடந்தது. பாலத்தைத் தாண்டிவிட்டால் துப்பாக்கி வைத்திருந்தவனும் தாராளமாகப் பேசலாம். ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பலர் தொண்டையைப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். மாரியம்மன் கோயில் பூசாரி விபூதி போட்டார். கோயமுத்தூரிலிருந்து கருவிகளோடு ஒருவர் வந்து, ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கருவியுமாக வெகுநேரம் நின்று, கண்டுபிடித்ததைச் சொல்ல வாயைத் திறந்து, சொல்ல முடியாமல், அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். காரணம் தெரியாததற்காக ஊர் வேலை நிற்குமா? போலீஸ்காரர்கள் இரண்டு இரண்டு பேராகப் போக ஆரம்பித்தார்கள், துப்பாக்கிக்கு ஒருத்தர், வாய்க்கு ஒருத்தர். தங்கராசு ஒரு கைமணி வாங்கிக்கொண்டார். ஓட்டுக் கேட்க வந்த ஒரு வெளியூர்த் தலைவர் இடுப்புத் துப்பாக்கியை மறந்து மேடை ஏறி வாயை மட்டும் அசைத்துவிட்டு இறங்கினார். இத்தனை நாளில் கேட்ட பேச்சிலேயே அதுதான் நல்ல பேச்சு என்று ஜனம் கைதட்டியது. தை பிறப்பதற்குள் ஊர் இந்த அதிசயத்தை, போர்வெல் தண்ணீர் உப்பாக இருப்பதை ஏற்றுக்கொண்டதைப் போல ஏற்றுக்கொண்டுவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் பஸ் ஸ்டாண்டிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள்.

துளசிமணிக்கு அந்த யோசனை வந்தது மாரியம்மன் நோம்பித் திருவிழாவில். பலூன் சுடும் கடை முன்னால் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். புருஷன் கோபத்தில் காற்றுத் துப்பாக்கியை எடுத்துக் குறி பார்த்தான், அதோடு அவன் வாய் அடைத்தது. பலூன் முழுக்கத் தீரும் வரைக்கும் அந்தப் பெண் அவன் முதுகைப் பார்த்து மனதில் இருந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். அவன் திரும்பியபோது சண்டையே இல்லை. துளசிமணி கையில் பொரிப் பொட்டலத்தோடு, சாப்பிட மறந்து, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் புருஷன் சென்னியப்பன் கல்குவாரி வைத்திருந்தார். கல் உடைக்கும் கிரஷர் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி இளவயதிலேயே ஏறிய குரல் அதற்கப்புறம் இறங்கவேயில்லை. துண்டு எங்கே என்று அவர் வீட்டுக்குள் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தன் துண்டைத் தேட ஆரம்பிப்பார். சோறு குழைந்தால் கத்துவார், விறைத்தால் கத்துவார், ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் ஒருத்தரும் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று கத்துவார். “கை நீட்டமாட்டாரு, வாய் மட்டுந்தான்” என்று சொந்தக்காரர்கள் அவருக்காகப் பரிந்து பேசுவார்கள். துளசிமணியும் அதையே தனக்குள் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தை துவைத்துத் துவைத்து இழை போன துணிபோல ஆகிவிட்டிருந்தது. ஒரே மகள் தாரணி ஹைதராபாத்தில் வேலையில் இருந்தாள். தீபாவளிக்கும் வருவதில்லை. மாசி மாதத்தில் ஒரு நாள் போனில் அம்மாவிடம் சொன்னாள்:

“அம்மா, ஒருத்தரக் கட்டிக்கலாம்னு இருக்கேன். நம்ம ஆளுங்க இல்ல, நம்ம மதமும் இல்ல. அப்பா கத்தாமக் கேப்பாருன்னா நேர்ல வந்து சொல்றேன். இல்லீன்னா பதிவு பண்ணிட்டு போட்டோ அனுப்பறேன்.”

பங்குனியில் சென்னியப்பனுக்கு அறுபது முடிய இருந்தது. குவாரித் தகராறு ஒன்றின்போது கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டு, அலைந்து வாங்கி, பீரோவில் வைத்திருந்தார். துப்பாக்கிதான் வாங்கவில்லை. காட்டிய ஒவ்வொன்றையும் குறை சொல்லிக் கத்திவிட்டு வந்துவிட்டார். அறுபதுக்கு மோதிரம் போடுகிறேன், சால்வை போர்த்துகிறேன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தபோது துளசிமணி, “அவருக்கு நான் துப்பாக்கி எடுத்துக் குடுக்கறேன்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பனுக்கு மட்டும் பெருமையாக இருந்தது. நீ போய்ப் பார்த்து வை, நான் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று வீடு அதிரச் சொன்னார்.

இப்ராம்சா ராவுத்தரின் துப்பாக்கிக் கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், விதைக்கடைக்கும் பம்புசெட் கடைக்கும் நடுவில் இருந்தது. அதிசயம் நடந்ததிலிருந்து அவர் மேசைமேல் ஒரு சிலேட்டும் பல்பமும் வைத்திருந்தார், கையில் துப்பாக்கியோடு பேச விரும்புகிறவர்களுக்காக.

“வாங்கம்மா. அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தாரு. என்ன காரியத்துக்குன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன எடுத்து வெக்கறேன். தோட்டத்துக்குங்களா, வழித்துணைக்குங்களா?”

“இடுப்புல இருந்து எடுக்கவே மனசு வரக் கூடாதுங்க பாய். அப்படி ஒண்ணு வேணும்.”

ராவுத்தர் அவளை ஒரு தடவை பார்த்தார். புரிந்ததா இல்லையா என்று முகத்தில் காட்டாமல் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். 

துளசிமணிக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, சென்னியப்பனைப் பற்றித்தான் தெரியும். அவருக்கு வேட்டி, செருப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று எத்தனையோ எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எது அழுத்தினாலும் கழற்றி வீசுவார். கடிகாரம் கட்டமாட்டார், மோதிரம் போடமாட்டார். வேட்டிக்கு மேலே கட்டும் பச்சைப் பட்டை பெல்ட் ஒன்றுதான் அவர் உடம்பு பொறுத்துக்கொள்ளும் பொருள். அதை அவள் பையில் கொண்டுவந்திருந்தாள்.

முதலில் எடுத்து வைத்ததற்கு மூக்கு நீளம். “உக்காந்தா தொடையில இடிக்கும். அன்னைக்கே தூக்கி எறிஞ்சிருவாரு.” அடுத்தது கன்னங்கறுப்பு. “போலீஸ்காரங்க வெச்சிருக்கற மாதிரி இருக்குதுங்க. அவருக்குப் போலீசுன்னா ஆகாது.” மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கியது. “இத வெளிய எடுத்துக் காட்ட வெக்கப்படுவாரு. காட்டறதுக்குத்தான வாங்கறது?” அப்புறம் ராவுத்தர் ஒரு மரப்பெட்டியிலிருந்து பழைய ரிவால்வர் ஒன்றை எடுத்தார். ஈட்டி மரத்தில் கைப்பிடி, யாரோ ஒரு எஸ்டேட்காரர் காலமெல்லாம் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆக்கி வைத்தது. இரும்பு வெள்ளியும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் மழைக்கு முந்தின வானம் மாதிரி இருந்தது.

அவள் அதைக் கையில் எடுத்தாள். குரல் போனது.

வீட்டில் பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அது இருக்கிற ஒன்றை அடக்கி வைப்பது. இது வேறாக இருந்தது. ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய் என்று இந்தச் சமயத்தில் உலகத்தில் ஒருத்தரும் அவளைக் கேட்க முடியாது. விதைக்கடையில் யாரோ பருத்திக்கொட்டை அளந்துகொண்டிருந்தது கேட்டது, பஸ் ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது கேட்டது. பெல்ட்டில் செருகிப் பார்த்தாள், வளைத்துப் பார்த்தாள், தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இடது கையால் பல்பத்தை எடுத்து சிலேட்டில் ‘இது’ என்று எழுதினாள்.

“தோட்டா எடுத்து வெக்கட்டுங்களா?”

அவள் ரிவால்வரைக் கீழே வைத்தாள். “அதெல்லாம் வேண்டாங்க.”

“தோட்டா இல்லாத துப்பாக்கி எதுக்குங்கம்மா?”

“சத்தம் வேண்டாம்னுதானுங்க” என்றாள். ராவுத்தர் அப்போதுதான் சிரித்தார்.

பிறந்தநாள் காலையில் சென்னியப்பன் கோயிலுக்குப் போய்வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கடையில் கையெழுத்துப் போட்டு, பிரிக்காமலே வாங்கி வந்திருந்த பெட்டியின் ஜரிகை நாடாவை இழுத்தார். அவிழவில்லை. “எவன்டா இப்படி முடிச்சுப் போட்டது, அறிவுகெட்ட...” என்று ஆரம்பித்தவர் முடிச்சோடு மூடியையும் பிய்த்தார், ரிவால்வர் கையில் வந்தது, வசவு பாதியில் அறுந்தது. கீழே வைத்து மீதியைக் கத்தினார். மறுபடி எடுத்தார். அன்றைக்குப் பூராவும் எடுப்பதும் வைப்பதுமாக, அந்த வீட்டில் கத்தல் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. மறுநாள் அதைப் பெல்ட்டில் செருகிக்கொண்டு, நாலு பேருக்குக் காட்டிவிட்டு வரலாம் என்று, பாலத்துக்கு இந்தப் பக்கமே இருந்த குவாரிக்குப் போனார்.

அங்கேதான் அது நடந்தது. வழக்கமாக அவர் கத்தினால் லாரிக்காரர்கள் பீடியை இழுத்து முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்ல முடியாமல் பாதையில் நின்றார். வலது கை தன்னால் இடுப்புக்குப் போனது. நின்றிருந்த லாரிகள் எல்லாம் ஒதுங்கின. கிரஷரை நிறுத்தச் சொல்கிறாரா ஓட்டச் சொல்கிறாரா என்று தெரியாமல் ஆட்கள் அவர் புருவத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினார்கள். ஒரு வாழ்நாள் கத்தியும் கிடைக்காத மரியாதை ஒரே பகலில் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர அதைக் கழற்றவில்லை.

வீடு அமைதியானது. துளசிமணி முதன்முதலாகத் தன் வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்கு ஒரு சத்தம் இருப்பதைக் கேட்டாள். வீதிப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து அந்த அமைதியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எந்தக் கடை, என்ன மாடல் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். காரைக்கரட்டிலிருந்து மட்டும் ஏன் இத்தனை லைசென்ஸ் மனுக்கள் வருகின்றன, அதுவும் ஏன் மனைவிமார்களே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று கலெக்டர் ஆபீசில் குழம்பினார்கள். ராவுத்தர் கடைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். பெண்கள் உட்கார ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

“கண்ணு, நீ வா” என்று துளசிமணி மகளுக்குப் போன் பண்ணினாள். 

ஆனால் மகள் லீவு போட்டு வருவதற்குள்ளேயே அந்த அமைதி மாறிக்கொண்டு வந்தது. கத்தலுக்கு ஒரு முடிவு உண்டு. எதற்குக் கத்தினார் என்பதும் தெரியும், தீர்ந்துவிட்டது என்பதும் தெரியும். இதற்கு இரண்டும் இல்லை. தட்டைத் தள்ளி வைப்பார். குழம்பா, ரசமா, அவள் நின்ற நிலையா, எது பிடிக்கவில்லை என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் இடுப்பைத்தான் முதலில் பார்த்தாள், அப்புறம்தான் முகத்தை. மற்ற வீடுகளிலும் இப்படித்தானா என்று அவள் ஒருத்தியையும் கேட்கவில்லை. வந்து மாடல் கேட்டுப் போன பெண்கள் இப்போது அவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

தாரணி வந்தாள். கூடத்தில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். அவன் பெயர் செல்வின், நாகர்கோவில் பக்கம், அப்பா இல்லை, அம்மா மட்டும்தான், கூடவே வேலை பார்க்கிறான், நல்லவன். சொல்லி முடித்தாள். சென்னியப்பன் மகளைப் பார்த்தார். கடிகாரச் சத்தம் கேட்டது. அவருடைய கட்டைவிரல் ஈட்டி மரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

“அப்பா, ஏதாவது சொல்லுங்க.”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் துளசிமணி பீரோவைத் திறந்தபோது அவர் சட்டைகளுக்கு அடியில் ஒரு தோட்டாப் பெட்டி இருந்தது. புதுசு, சீல் உடைக்காதது. அதை மகளிடம் காட்டக் கூடாது என்று நினைத்து மூடுவதற்குள் தாரணி பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டாள். பீரோக் கதவைத் தானே சாத்திவிட்டுச் சொன்னாள்:

“இதுக்கு அவரு கத்தியே இருக்கலாம்மா.”

துளசிமணிக்குக் கடையில் அந்த வழவழப்பைத் தடவிக்கொண்டு நின்ற நேரம் ஞாபகம் வந்தது. தன் கையை அவள் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவோரம் துண்டு வைக்கப் போனவள் உள்ளே பேச்சுக் குரல் கேட்டு நின்றாள். ரிவால்வர் பெல்ட்டோடு வெளியே ஆணியில் தொங்கியது. உள்ளே தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே சென்னியப்பன் தனக்குத்தானே பேசிப் பழகிக்கொண்டிருந்தார். “வாங்க தம்பி” என்றார். அது இரைச்சலாக வந்தது. நிறுத்தி, இறக்கி, மறுபடி “வாங்க தம்பி” என்றார். மறுபடியும் இரைச்சல். கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் விழுந்தது. அப்புறம் “வெளிய போடா” என்றார். அதையும் இறக்கிப் பார்த்தார், அதுவும் இறங்கவில்லை. திரும்ப “வாங்க.” திரும்ப “போடா.” எதைப் பேசப்போகிறார் என்பது அவருக்கே தெரியாதது போல இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். துளசிமணி துண்டை மாட்டிவிட்டு நேராக மகளிடம் போனாள்.

“அவங்களை வரச் சொல்லு.”

“எனக்குப் பயமா இருக்கும்மா.”

“எனக்குந்தான். வரச் சொல்லு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதாக ஏற்பாடானது. அன்றைக்குக் காலையில் துளசிமணி பீரோவைத் திறந்தாள். தோட்டாப் பெட்டியின் சீல் உடைந்திருந்தது. உள்ளே எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்துக் கூடத்துக்கு வந்தபோது வாசலில் கார் நின்றுவிட்டது.

செல்வின் ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில், கையில் பழப் பையோடு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். அவனுக்குப் பக்கத்தில் அவன் அம்மா, கைப்பையை மார்போடு அணைத்தபடி. ஊரைப் பற்றி வழி கேட்ட இடத்திலேயே யாரோ சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. இரண்டு பேரும் சென்னியப்பனின் முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்தார்கள். சென்னியப்பன் கூடத்து நடுவில் நின்றார். கை பெல்ட்டின்மேல் இருந்தது. உள்ளே வாருங்கள் என்று சொல்ல வேண்டியவருக்குக் குரல் இல்லை.

துளசிமணி போய் அவருக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள்.

“குடுங்க.”

அவர் அவளைப் பார்த்தார்.

“நான் எடுத்துக் குடுத்ததுதானுங்க, தெரியாம எடுத்துக் குடுத்துட்டேன். திருப்பிக் குடுங்க.” வாங்கிவிட்டால் அதற்கப்புறம் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது என்று தெரிந்ததால் எல்லாவற்றையும் முன்னாலேயே சொன்னாள். “இத்தன வருசமா நீங்க கத்துனீங்க, நான் கேட்டேன். அப்புறம் கத்தாம இருந்தீங்க, அதையும் பார்த்தேன். வந்திருக்கறவங்ககிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க. திட்டறதுன்னாலும் திட்டுங்க. இவ என்ன பண்ணணும்னு இவ பார்த்துக்குவா. ஆனா வாயால சொல்லுங்க.”

அவர் கை பெல்ட்டிலேயே இருந்தது. தாரணி ஒரு அடி முன்னால் வந்தாள், அம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சென்னியப்பன் ரிவால்வரை உருவினார். வாசலில் செல்வினின் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அதைத் திருப்பி, கைப்பிடியைப் பெண்டாட்டி பக்கமாக வைத்து, அவள் உள்ளங்கையில் கொடுத்தார். உள்ளே தோட்டா இருந்ததா இல்லையா என்று துளசிமணி அப்போதும் பார்க்கவில்லை, பிற்பாடும் பார்க்கவில்லை. சுவரோரமிருந்த நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, அதை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். 

சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

“வாங்க!”

ஜன்னல் மேலிருந்த புறாக்கள் கலைந்து பறந்தன. செல்வின் பழப்பையைக் கீழே போட்டுவிட்டான். எதிர்வீட்டுக்காரர், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து வெளியே வந்தார். சென்னியப்பன் முகம் சுருங்கிப்போனது. ஒரு கையால் தன் தொண்டையைப் பிடித்து அமுக்கிக்கொண்டு, மறுபடி சொன்னார்.

“வாங்க. உள்ள வந்து உக்காருங்க.” கொஞ்சம் இறங்கியிருந்தது. “தம்பி பேரு என்ன?”

“செல்வின்ங்க.”

“என்ன?”

“செல்வின்.”

“சத்தமாச் சொல்லுங்க தம்பி. கிரஷர்ல நின்னு நின்னு எனக்குக் காது போயிப் பல வருசம் ஆச்சு.”

துளசிமணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இதை அவர் அவளிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

“செல்வின்!” என்று அந்தப் பையன் தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினான். அவன் அம்மா, “மெதுவாச் சொல்லு மக்ளே” என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், இழுத்துவிட்டுச் சிரித்துவிட்டாள். இருவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தாரணி தரையிலிருந்த ஆரஞ்சுகளைப் பொறுக்கினாள்.

“காப்பி குடிக்கறீங்களா?” என்றார் சென்னியப்பன். அவர்கள் தலையாட்டினார்கள். அவர் பழக்கப்படி பெண்டாட்டியைப் பார்த்தார். துளசிமணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க வேண்டுமென்றால் மடியில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும். அவள் வைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், அப்புறம் சமையலறைக்குள் போனார். பாத்திரம் ஒன்று விழுந்தது.

“சக்கர எங்க இருக்குது?” என்று உள்ளேயிருந்து வீடு அதிரக் கேட்டார்.

தாரணி எழுந்தாள். துளசிமணி மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். உள்ளே அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.